நெத்திலிக்கு எட்டு யூரோ பார்பெரா

அத்தை மகன் இத்தாலியில் டூரின் நகரத்தில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வருவதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று போன் போட்டுக் கேட்பான், நானும் எல்லாரையும் போல ஏதாவது ஒரு விஸ்கி பெயரைச் சொல்லிவிடுவேன். போன தடவை மட்டும், "நீ அங்கே ராத்திரி சாப்பாட்டோட என்ன குடிக்கிறியோ அதையே கொண்டு வா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மச்சான், அது எட்டு யூரோ பாட்டில். தெருமுனைக் கடையில அரிசிக்குப் பக்கத்து அடுக்குல நிக்கும். அதைப் போய் ஏழாயிரம் கிலோமீட்டர் தூக்கிட்டு வரணுமா?" என்றான். வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான் கொண்டு வர முடியும், அந்தக் கணக்கை நான் இப்படி வீணாக்குகிறேனே என்று அவனுக்கு உண்மையிலேயே வருத்தம். ஆனாலும் கொண்டு வந்தான். துவைக்காத பனியன்களுக்குள் சுற்றி இரண்டு பாட்டில். லேபிளில் பார்பெரா தாஸ்தி என்று போட்டிருந்தது. அதாவது ஆஸ்தி என்கிற ஊர்ப்பக்கத்து பார்பெரா. பார்பெரா என்பது திராட்சையின் பெயர், அதில் செய்கிற சிவப்பு வைனுக்கும் அதே பெயர்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த பாட்டில் என் நாக்கில் இருந்த ஒரு பழைய தப்பெண்ணத்தைக் கழற்றிப் போட்டுவிட்டது.

எனக்கு வைன் என்றாலே சின்ன வயதிலிருந்து ஒரே ருசிதான். பெரம்பூரில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. கிறிஸ்துமசுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பன்னீர் திராட்சையை நசுக்கி, சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு, பெரிய பீங்கான் ஜாடியில் வேடு கட்டி வைத்துவிடுவார்கள். பண்டிகையன்று கேக்குடன் குட்டி கிளாசில் கொஞ்சம் வரும். பாகு மாதிரி இனிக்கும், தொண்டையில் லேசாகச் சுடும். வைன் என்றால் அதுதான், வேறு இருக்கவே முடியாது என்று நம்பியிருந்தேன். அதனால் வேலைக்குச் சேர்ந்தபின் ஓர் ஓட்டல் பார்ட்டியில் முதன்முதலாக சிவப்பு வைனை வாயில் வைத்தபோது, கெட்டுப்போன திராட்சை ஜூஸில் யாரோ கடுக்காயை அரைத்துக் கலக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பல்லும் ஈறும் காய்ந்து ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் இருந்த மேனேஜர் கண்ணை மூடி கிளாசைச் சுழற்றி "ஆஹா" என்றார். நானும் "ஆஹா" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைப் பூந்தொட்டியில் ஊற்றினேன்.

வாய் அப்படிக் காய்ந்துபோவதற்கு இங்கிலீஷில் டானின் என்று பெயர் சொல்லி, அது எச்சிலில் இருக்கும் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டுபோகிறது என்று விளக்கி மாளாது. நமக்கு அந்தச் சிரமமே இல்லை. துவர்ப்பு என்று ஒரே சொல் இருக்கிறது. பாக்கு, வாழைப்பூ, மாதுளந்தோல் என்றால் யாருக்கும் புரியும். சிவப்பு வைனில் இரண்டு விஷயம் முக்கியம், துவர்ப்பும் புளிப்பும். ஓட்டலில் நான் குடித்தது துவர்ப்பு மிகுந்த ரகம், அதையும் சாப்பாடு இல்லாமல் வெறும் வயிற்றில் குடித்தேன். பார்பெரா அப்படியே நேரெதிர். துவர்ப்பு ரொம்பக் குறைவு, புளிப்பு ரொம்ப ஜாஸ்தி.

அவன் வந்த மறுநாள் ஞாயிறு. காலையிலேயே காசிமேட்டுக்குப் போய் நெத்திலி வாங்கி வந்திருந்தேன். விரல் நீளம்கூட இல்லாத மீன். அம்மா தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, குடலைக் கட்டை விரலால் ஒரே இழுப்பில் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். பாதி வறுவலுக்கு, பாதி குழம்புக்கு. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, ஒரு கைப்பிடி அரிசி மாவு, கொஞ்சம் புளிக்கரைசல் போட்டுப் பிரட்டி வைத்தாள். எலுமிச்சை பிழிந்தால் நெத்திலி வெந்து உதிரும் என்பது அவள் கட்சி.

பாட்டிலை நான் முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். சிவப்பு வைனை அறைச் சூட்டில்தான் குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து நம்மிடம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் அறை ஐரோப்பாவில் இருக்கிற கல்வீட்டு அறை. மே மாதம் வியாசர்பாடியில் என் அறை 33 டிகிரி. அந்தச் சூட்டில் எந்த வைனும் இருமல் மருந்துதான். 14, 15 டிகிரி இருந்தால் பார்பெரா நன்றாக இருக்கும்.

வைன் கிளாஸ் எங்கள் வீட்டில் கிடையாது. எதற்கோ இலவசமாக வந்த கண்ணாடி டம்ளரில் ஊற்றினோம். நிறம் அசல் நாவல்பழம். விளிம்பில்கூட சிவப்பு இல்லை, ஊதா. மணத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் எழுதும்போது செர்ரி, வயலட் பூ என்றெல்லாம் எழுதுகிறார்கள். வயலட் பூவை நான் பார்த்ததே இல்லை, எப்படி முகர்வது? எனக்கு வந்தது தள்ளுவண்டியில் உப்புத் தூவிக் கொடுப்பார்களே, அந்த நாவல்பழ மணம். ஆனால் நாவல்பழத்தின் துவர்ப்பு மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் புளிப்பு. முதல் வாய் குடித்ததும் முகம் சுளித்தேன், உண்மை. ஒரு நெத்திலியைக் கடித்துவிட்டு இரண்டாவது வாய் குடித்தேன். அங்கேதான் விஷயம் இருந்தது. எண்ணெயும் மிளகாயும் நாக்கில் இருக்கும்போது அந்தப் புளிப்பு வந்து துடைத்துவிட்டுப் போனது, வாயில் எச்சில் ஊறியது, கை தானாக அடுத்த நெத்திலிக்குப் போனது. ரசம் செய்கிற வேலை. சாப்பாட்டை நிறுத்த விடாத வேலை.

குழம்புக்குத்தான் பயந்தேன். நல்ல புளி ஊற்றிய மீன் குழம்பு, அதன் முன்னால் எந்த வைன் நிற்கும்? சாப்பாட்டைவிடப் புளிப்புக் குறைந்த வைனாக இருந்தால் சப்பென்று தண்ணீர் மாதிரி ஆகிவிடும். இது ஆகவில்லை. குழம்பும் வைனும் சம்பந்திகள் மாதிரி மரியாதையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. மீனுக்குச் சிவப்பு ஆகாது என்பார்கள், பொதுவாகச் சரிதான், துவர்ப்பு மிகுந்த சிவப்பு மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்பை நக்கிய மாதிரி இருக்கும். இதில் துவர்ப்பே கம்மி என்பதால் தப்பித்தோம்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா மச்சான், அங்கேயும் இதை நெத்திலியோடதான் குடிப்பாங்க" என்றான் அவன். நான் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். இல்லை. பியமோன்தே என்கிற அந்த மாநிலத்தில் பான்யா கௌதா என்று ஒரு பண்டம் இருக்கிறது. 'சூடான குளியல்' என்று அர்த்தமாம். ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு என்ற கணக்கில் பூண்டு, உப்பு நெத்திலி, ஆலிவ் எண்ணெய், மூன்றையும் மெல்லிய தீயில் கரையும்வரை வைத்து, அடியில் விளக்கு எரியும் சின்ன மண்சட்டியில் ஊற்றி நடுவில் வைப்பார்கள். குளிர்காலத்தில் சுற்றி உட்கார்ந்து முட்டைக்கோஸ், குடைமிளகாய் என்று காய்களை அதில் முக்கிச் சாப்பிடுவார்கள். கூடவே பார்பெரா. அந்த மீன் நம் நெத்திலி இனம் இல்லை, ஆனால் ஒரே குடும்பம், பங்காளி.

வேடிக்கை என்னவென்றால் பியமோன்தேவுக்குக் கடலே கிடையாது. மூன்று பக்கம் மலை. தெற்கே லிகூரியா கடற்கரையிலிருந்து உப்பு வண்டிப் பாதைகள் வழியாக உப்பும் உப்பிட்ட நெத்திலியும் மலையேறி வந்திருக்கின்றன. கடல் இல்லாத ஊர்க்காரன் கருவாட்டின்மேல் வைக்கும் பாசம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதா? (எங்கள் அபார்ட்மெண்டில் கருவாடு வறுக்கக்கூடாது என்று ஒருமுறை நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு வீடு முழுக்கப் பூண்டும் நெத்திலியும் கொதிக்கும் பான்யா கௌதாவை அங்கே செய்து காட்டி, இது இத்தாலியன் என்று சொல்லிப் பார்க்க ஆசை.)

அந்த மாநிலத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பார்பெரா இல்லை, பரோலோ. அது நெபியோலோ என்கிற திராட்சையில் செய்வது, 38 மாதமாவது வைத்திருந்து, அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் வைத்த பிறகுதான் விற்கலாம் என்று சட்டமே இருக்கிறது. மலைச்சரிவில் நல்ல வெயில் விழும் பக்கமெல்லாம் நெபியோலோவுக்கு. மிச்சம் இருக்கிற இடத்தில் பார்பெரா. அது கோபித்துக்கொள்ளாது, எங்கே நட்டாலும் காய்க்கும், நிறையக் காய்க்கும், பழுத்து வெடித்தாலும் புளிப்பை விடாது. பரோலோவை விற்பதற்கும் விருந்தாளிக்கும் வைத்துக்கொண்டு, வீட்டில் அன்றாடம் பார்பெராவையும் தோல்செத்தோ என்கிற இன்னொரு திராட்சையின் வைனையும் குடிப்பார்கள். நம் வீட்டில் பொன்னி அரிசியும் பாஸ்மதியும் மாதிரி. அங்கே பார்பெராவைப் பெண்பாலில்தான் சொல்வார்களாம். பரோலோ அவன், பார்பெரா அவள். வேலை எல்லாம் அவள் செய்ய, பெயர் மட்டும் அவனுக்கு. இதைக் கேட்டதும் என் மனைவி சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்கும் அடுத்த நெத்திலி இறங்கவில்லை.

இந்த வைனுக்கு ஒரு கெட்ட காலமும் இருந்தது. 1986இல் இத்தாலியில் மலிவு வைனில் மெத்தனாலைக் கலந்து விற்றார்கள், போதை அளவைக் குறைந்த செலவில் ஏற்றிக் காட்டுவதற்காக. 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பலருக்குக் கண் போனது. பார்பெராவின் பேர்தான் அதில் அதிகம் அடிபட்டது. இதைப் படித்தபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கள்ளக்குறிச்சி நடந்தது 2024இல், 60 பேருக்கு மேல். அதே மெத்தனால். ஊர் வேறு, செத்தவன் எங்கேயும் மலிவாகக் கிடைத்ததைக் குடித்தவன்.

அதற்குச் சில வருடம் முன்பே ஜாகோமோ பொலோன்யா என்பவர் 1982 அறுவடையிலிருந்து தன் பார்பெராவைச் சின்ன ஓக் பீப்பாய்களில் வைத்து எடுத்து, இது ஏழைச் சரக்கு இல்லை, பெரிய வைன் என்று காட்டியிருந்தார். பெயர் கெட்டுப்போன திராட்சைக்கு அது ஒரு வழி காட்டியது. இன்றைக்கு ஓக் பார்பெரா விலை எங்கேயோ போய்விட்டது. அதை நான் ஒருமுறை நண்பர் வீட்டில் குடித்திருக்கிறேன். நன்றாக இருந்தது, வெனிலா வாசம், வழவழப்பு, எல்லாம் சரி. ஆனால் என்னைக் கேட்டால், அது பட்டு வேட்டி கட்டிய பார்பெரா. நெத்திலி வறுவலுக்கு லுங்கி போதும்.

சரி, சென்னையில் இது கிடைக்குமா என்று கேட்பீர்கள். மாலுக்குள் இருக்கும் டாஸ்மாக் எலைட் கடைகளில் வெளிநாட்டு வைன் இருக்கும். சிலி இருக்கும், ஆஸ்திரேலியா இருக்கும், இத்தாலி என்றால் பெரும்பாலும் சியான்டி. பார்பெராவை நான் தேடிய வரை பார்க்கவில்லை. சியான்டியும் மோசமில்லை, அது சான்ஜோவேசே என்கிற திராட்சை, அதற்கும் புளிப்பு உண்டு, துவர்ப்பு மட்டும் ஒரு படி கூடுதல், தக்காளித் தொக்குக்கு அருமையாகப் போகும். மகாராஷ்டிராவில் அக்லூஜ் பக்கம் ஃபிராத்தெல்லி நிறுவனம் சான்ஜோவேசேயைப் பயிர் செய்கிறது, கையில் சிக்கியபோது குடித்திருக்கிறேன், பிரியாணிக்கு அதுவே போதும்.

விலைதான் கடுப்பேற்றும். நான் வாங்கின காலத்தில் இறக்குமதித் தீர்வை மட்டும் 150 சதவீதம், அதற்குமேல் மாநிலம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். டூரினில் அரிசி பக்கத்தில் நிற்கிற ரகப் பாட்டில் இங்கே கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு நிற்கிறது. அங்கே இன்னும் சில இடங்களில் பீப்பாயிலிருந்து பிடித்துக் கொடுக்கிற வைன் கடைகள் இருக்கின்றன, வீட்டிலிருந்து கேனைக் கொண்டுபோய் லிட்டர் கணக்கில் வாங்கி வரலாம், செக்கு எண்ணெய்க் கடைக்குத் தூக்கு கொண்டுபோகிற மாதிரி. அன்றாட வைன் என்பதற்கு அதுதான் அர்த்தம். இங்கே அந்த மாதிரி ஒரு பாட்டிலை நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் வந்த வாரத்தில், யோசித்து யோசித்துத் திறக்கிறேன். அன்றாட வைனை விசேஷ வைனாக்கிய பெருமை நம் சுங்கத் துறையைச் சேரும்.

அதைவிட மோசம் வெயில். ஒருமுறை ஒரு கடையில் (எது என்று சொல்லப் போவதில்லை) ஒரு சியான்டி வாங்கினேன். ஏசி இல்லாத மூலையில் எத்தனை கோடையைப் பார்த்ததோ, கார்க் ஒரு நூல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, ஓரத்தில் ஒழுகிக் காய்ந்த கறை. அப்போதே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். திறந்தால் கிஸ்மிஸ் பழத்தை வேகவைத்த தண்ணீர். கடைக்காரரிடம் போனால், "சார், சரக்கு பழசானா நல்லதுதானே" என்கிறார். ஸ்டிக்கரைத் தடவிப் பாருங்கள், கார்க்கை விரலால் அழுத்திப் பாருங்கள், கடையில் முன்வரிசையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்பதை எடுக்காதீர்கள். அவ்வளவுதான் என் அறிவுரை.

எதற்கெல்லாம் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது குண்டூர் மிளகாய்க் கறியோடு குடித்துவிட்டு என்னைத் திட்டுவார்கள். ரொம்பக் காரம் ஆகாது, காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் ஊதிப் பெரிதாக்கும், பார்பெராவில் 13, 14 சதவீதம் இருக்கிறது. தயிர் சாதம் ஆகவே ஆகாது. சாம்பார் சுமார். பரோட்டா சால்னா நன்றாக இருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய ஆட்டுக்கால் பாயாவுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் குடித்ததில்லை, அந்தக் கொழுப்பை அது வெட்டுகிற வெட்டு தனி. மிச்சம் இருந்தால் கார்க்கைப் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும்.

இப்போது இரண்டாவது பாட்டில். அதை அவன் ஊருக்குப் போனபின் திறக்கலாம் என்று ஃப்ரிட்ஜில் பின்பக்கம் தள்ளி வைத்தேன், ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. அம்மா வத்தக்குழம்பு வைத்த ஒரு ராத்திரி எடுத்தேன். கடைசி டம்ளரை ஊற்றும்போது அடியில் சரசரவென்று ஏதோ இறங்கியது. விளக்கில் பிடித்துப் பார்த்தால் ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகக் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுகிறது. அம்மாதான் முதலில் பார்த்தாள். "டேய், பாட்டில் உள்ளே உடைஞ்சிருக்குடா, குடிச்சுத் தொலைக்காதே" என்று டம்ளரைப் பிடுங்கிவிட்டாள். குடித்தாகிவிட்டதே என்று எனக்கு வயிறு கலங்கியது. டூரினுக்குப் போன் போட்டேன். அங்கே அவன் சிரிக்கிறான். "ஒண்ணு எடுத்து நாக்குல வை மச்சான்."

வைத்தேன். மெல்ல மணல் மாதிரி நறநறத்து, பிறகு கரைந்து, புளித்தது.

திராட்சையில் இருக்கும் முக்கிய அமிலம் டார்டாரிக். வைன் குளிர்ந்து கிடந்தால் அது பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்துவிடும். கேக் செய்கிறவர்கள் வாங்கும் கிரீம் ஆஃப் டார்ட்டர் இதைச் சுத்தம் பண்ணிய பொடிதான். கெடுதல் ஒன்றும் இல்லை. இவ்வளவையும் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது. எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக், தயிரின் புளிப்பு லாக்டிக், தக்காளியிலும் சிட்ரிக்தான் பெரும்பங்கு. டார்டாரிக் அமிலம் ஏராளமாகச் சேரும் பழங்கள் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம். திராட்சை ஒன்று. புளி இன்னொன்று. நம் புளி, பானையில் கொட்டை எடுத்து உப்புப் போட்டு அடைத்து வைக்கிறோமே, அது. முதல் நாள் மீன் குழம்பும் பார்பெராவும் சண்டை போடாமல் உட்கார்ந்திருந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் சம்பந்திகள் என்று நான் விளையாட்டாக நினைத்தது அவ்வளவு விளையாட்டு இல்லை போல.

அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. பாட்டிலின் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு பொடியை நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, வடகத்துக்கு உப்புப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி ஒரு நிமிடம் நின்றாள். "புதுப் புளி. பழம்புளி இல்லை" என்றாள்.

பாட்டிலை அவளே வெந்நீரில் கழுவிக் காயவைத்து நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள். பச்சைக் கண்ணாடி, வெளிச்சம் படாது, எண்ணெய் சிக்கு அடிக்காதாம். முதல் பாட்டிலை நான் பழைய பேப்பர்காரருக்குப் போட்டதற்கு இன்னும் திட்டு விழுகிறது. நேற்று, அத்தை பையன் அடுத்து எப்போது வருகிறான் என்று கேட்டாள். கடலை எண்ணெய்க்கு ஒன்று வேண்டுமாம்.